கரீபியன் கப்பல் பயணம்: வன்னியிலிருந்து போகும் அம்மா அப்பாவுக்கு எந்த மாதம் சரி?

கனடாவில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, ஒரு கிழமை கரீபியன் கடலில் கப்பலில் கொண்டுபோய்க் காட்ட ஆசைப்படுவது இப்போது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல வீடுகளில் கேட்கிற கதை. அறுபதாம் கல்யாணம், பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என்று ஏதோ ஒரு சாட்டு இருக்கும். எந்தக் கப்பல், எந்த அறை என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். இழுபறி வருவது எந்த மாதம் என்பதில்தான்.

இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரே பதில் கிடைக்கும். சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அது முடிந்த கையோடு டிசெம்பர் முதல் இரண்டு கிழமைக்குள் போங்கள், கூட்டமும் இல்லை, காசும் குறைவு. ரொறன்ரோவில் இருப்பவருக்கு அது நல்ல புத்திமதி. ஒட்டுசுட்டானில் வயலும் நாலு மாடும் வைத்திருப்பவருக்கோ வருடத்திலேயே வீட்டை விட்டு நகரக்கூடாத கிழமைகள் அவை. அங்கே புயல் ஓய்கிற நேரத்தில்தான் இங்கே வங்காள விரிகுடாவில் புயல் திரள்கிறது. ஆகவே அத்திலாந்திக்கின் காலத்தையும் வன்னியின் காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் மாதத்தை முடிவுசெய்ய வேண்டும்.

## எவற்றை வைத்து ஒப்பிடுகிறேன்

அங்கே சூறாவளி வரும் வாய்ப்பு, இங்கே வயலும் மழையும், விசா, வெளியே தெரியாத செலவு ஆகிய நான்கும் எல்லோருக்கும் பொது. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன்: போகிறவரின் உடம்பும் மனமும்.

முல்லைத்தீவுக் கரையில் 2004 டிசெம்பர் 26 சுனாமியைக் கண்டவர்களுக்கும், 2009 இல் காயக்காரரோடு புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் ஏறியவர்களுக்கும் கடலும் கப்பலும் நெஞ்சில் வேறு இடத்தில் கிடக்கின்றன. பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள், அல்லது சின்ன வயதில் வெளிக்கிட்டதால் அவர்களுக்கு முழுதாகத் தெரியாது. கப்பல் புறப்படும் நாளில் எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல் என்று அபாயச் சங்கு ஒலிக்கும். உயிர்காப்பு அங்கியை எப்படிப் போடுவது என்று காட்டுவார்கள். எதுவும் சொல்லாமல் கூட்டிப்போனால் அந்தச் சங்கிலேயே அம்மா ஆடிப்போய்விடுவார். முதலே சொல்லிவைத்தால் சிரித்துக்கொண்டு நிற்பார். "அம்மா, கடலில் ஒரு கிழமை இருக்க உங்களுக்கு விருப்பமா?" என்று ரிக்கெற் எடுக்க முன்னரே கேளுங்கள். "நீங்கள் ஆசைப்பட்டால் சரி" என்று மறுமொழி வந்தால், இன்னொரு தரம் கேளுங்கள்.

## அத்திலாந்திக் எப்படி நடந்துகொள்கிறது

1991 முதல் 2020 வரையான சராசரியைப் பார்த்தால், அத்திலாந்திக்கில் வருடத்துக்குப் பெயர் வைக்கப்பட்ட புயல்கள் 14. அவற்றில் 7 சூறாவளியாகின்றன, அவற்றிலும் 3 கடும் சூறாவளிகள். ஆறு மாதமும் இவை சமமாகப் பரவி வருவதில்லை. ஓகஸ்ட் நடுவிலிருந்து ஒக்டோபர் நடு வரைதான் பெரும்பாலானவை. உச்சம் செப்டெம்பர் 10 அளவில்.

இடமும் மாதத்தோடு மாறும். பயண விளம்பரங்களில் இந்த விடயத்தைக் காணமாட்டீர்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் ஆபிரிக்காவின் மேற்குக் கரைப் பக்கமிருந்து கிளம்பும் குழப்பங்கள் சூடான கடலைத் தாண்டி வரும்போது பெருத்து, முதலில் கிழக்குத் தீவுகளில் மோதுகின்றன. 2017 செப்டெம்பரில் இர்மா என்ற சூறாவளி பார்புடாவையும் சென் மார்ட்டினையும் நொறுக்கியது. அதே மாதம் மரியா டொமினிக்காவையும் புவேர்ட்டோ ரிக்கோவையும் அடித்தது. 2019 செப்டெம்பர் தொடக்கத்தில் டோரியன் பஹாமாஸின் அபாக்கோ தீவுகளுக்கு மேல் வந்தது. ஒக்டோபரில் புயல் பிறக்கும் இடம் மேற்குக் கரீபியனுக்கு நகர்ந்துவிடும். ஜமேக்கா, கியூபா, கேமன் தீவுகள், மெக்சிக்கோவின் யுகட்டான் பக்கம் அப்போது கவனிக்கவேண்டியவை. 2025 ஒக்டோபர் 28 இல் மெலிசா, வகைகளில் மிகக் கடுமையான ஐந்தாம் வகைச் சூறாவளியாக ஜமேக்காவில் கரையேறியது அப்படித்தான்.

ஆகவே செப்டெம்பரில் போகத்தான் வேண்டுமென்றால் மேற்குப் பாதையும், ஒக்டோபர் கடைசியில் என்றால் கிழக்குப் பாதையும் ஓரளவு நல்லது.

தெற்குப் பாதை எப்போதும் பாதுகாப்பு என்று முகவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. அரூபா, பொனேர், குராசோ மூன்றும் வெனிசுவேலாவுக்குக் கிட்ட, வழக்கமான சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. நேரடி அடி மிக அரிது. ஆனால் தெற்குப் பாதை என்ற பெயரில் விற்கும் பயணங்களில் சென் லூசியா, பார்படோஸ், கிரெனடா போன்ற தீவுகளும் வரும். கிரெனடாவை 2004 இல் ஐவன் சிதைத்தது. 2024 ஜூலை 1 இல் பெரில் அதற்குச் சொந்தமான கரியாக்கு தீவை அடித்தது. தவிர, மயாமியிலிருந்து அரூபா போகும் கப்பல் அந்தப் பாதையைக் குறுக்கே கடந்துதான் போகவேண்டும். திரும்பி வரும்போதும் அப்படியே.

ஒரு நிம்மதி: நவீன கப்பல் சூறாவளிக்குள் போய் மாட்டுவது மிக மிக அரிது. புயல் நகரும் வேகத்தைவிடக் கப்பலின் வேகம் பொதுவாக அதிகம், ஆகவே விலகிப் போய்விடும். உயிர் ஆபத்து என்று பயப்படத் தேவையில்லை. கெடுவது திட்டம்தான்: பாதை மாறும், துறைமுகம் மூடும், அலை கப்பலை ஆட்டும், திரும்பும் நாள் தள்ளிப்போகும்.

| காலம் | கரீபியன் கடல் | வன்னி | கப்பல் விலை |
|---|---|---|---|
| ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி | அமைதி | அறுவடை முடிந்த ஓய்வு | நடுத்தரம் |
| ஜூலை முதல் பாதி | ஆபத்து குறைவு | மானாவாரிக்காரருக்கு ஓய்வு | அதிகம் |
| ஓகஸ்ட் நடு முதல் ஒக்டோபர் | உச்ச ஆபத்து | உழவும் விதைப்பும் தொடங்கும் | மிகக் குறைவு |
| நவம்பர் கடைசி, டிசெம்பர் முதல் பாதி | ஆபத்து ஓய்ந்த காலம் | மழை, வெள்ளம், புயல் | குறைவு |
| ஜனவரி கடைசி முதல் மார்ச் | புயல் இல்லை, காற்று உண்டு | அருவி வெட்டு (நெல் அறுவடை) | அதிகம் |

## ஏப்ரல் கடைசியும் மே முதல் பாதியும்

என் மனதுக்கு முதல் தெரிவு இது. மாரிமழையில் விளையும் காலபோக நெல் வெட்டி, விற்று, கடனும் கொடுத்து முடிந்திருக்கும். சித்திரை வருடப்பிறப்பும் வீட்டில் கொண்டாடியாயிற்று. கரீபியனில் வறட்சிக் காலத்தின் வால்; சூறாவளி தொடங்க இன்னும் நாட்கள் இருக்கும். ரொறன்ரோவிலும் பனி போய்விடும். கிளிநொச்சி வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது சின்ன விடயமல்ல.

குறை ஒன்று: கனடாவில் பள்ளி விடுமுறை இல்லை. பேரப்பிள்ளைகள் சிறுவர்கள் என்றால், ஒரு கிழமை மறிப்பதற்கு ஆசிரியரோடு கதைத்துப் பார்க்கலாம். உயர்தர வகுப்பு என்றால் நடக்காது. இரணைமடுக் குளத்தின் கீழ் அந்த வருடம் சிறுபோகப் (கோடைகால நெல்) பங்கு கிடைத்தவர்களுக்கும் இந்த நேரம் வேலை நேரம். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவு வரும்வரை காசு கட்டவேண்டாம். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாளையும் வற்றாப்பளை அம்மன் பொங்கலையும் ஊரில் நின்று பார்க்க விரும்புகிறவர்கள் முதலே திகதியைச் சொல்லிவிடுவது நல்லது. பயணத்தை மே முதல் கிழமையில் முடித்தாலும், கனடாவுக்கு அவ்வளவு தூரம் போனவர் பத்து நாளில் திரும்பமாட்டார்.

## ஜூலை முதல் பாதி

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதுதான் நடைமுறையில் சரிவரும். ஒன்ராறியோவில் ஜூன் கடைசியில் பள்ளி மூடும். மானாவாரி வயல்காரருக்குச் செப்டெம்பர் கடைசி வரை ஊரில் பெரிய வேலை இல்லை. ஜூலையில் வரும் புயல்கள் பெரும்பாலும் எண்ணிக்கையிலும் பலத்திலும் குறைந்தவை. பெரில் மட்டும் 2024 ஜூலை 2 இல் ஐந்தாம் வகையைத் தொட்டது. வருடத்தில் அவ்வளவு முந்தி அந்த வகையை வேறு எதுவும் தொட்டதில்லை என்பதிலிருந்தே அது எவ்வளவு அரிது என்று விளங்கும்.

கோடை விடுமுறை விலைதான் சுடும். வெயிலும் கடுமையாக இருக்கும், ஆனால் அதை நாங்கள் தாங்குவோம். ஜூலை 15 க்குள் முடித்துவிடுங்கள். "ஓகஸ்ட் கடைசியில் விலை இறங்கும்" என்று தள்ளிப்போட்டால் உச்ச காலத்துக்குள் கால் வைத்துவிடுவீர்கள்.

## ஓகஸ்ட் நடு முதல் ஒக்டோபர் முடிவு வரை

விலை கண்ணைப் பறிக்கும். செப்டெம்பரில் அதே கப்பலின் அதே அறை மார்ச் மாத விலையைவிட எவ்வளவோ கீழே நிற்கும். இளம் சோடிகளுக்கு, கனடாவிலேயே இருப்பவர்களுக்கு, எந்தத் தீவு வந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு இது நல்ல பேரம். வன்னியிலிருந்து வரும் அம்மா அப்பாவை இந்த நேரத்தில் கூட்டிப்போகவேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். காரணங்கள் இவை.

பயணச்சீட்டின் நிபந்தனைப்படி, வானிலை காரணமாகக் கப்பல் பாதையை மாற்றலாம், தீவுகளைத் தவிர்க்கலாம். அதற்காகப் பொதுவாகத் திரும்பத் தருவது தவறிய துறைமுகத்தின் கட்டணமும் வரியும்தான். முழுப் பயணமும் ரத்தானால் மட்டும் முழுக் காசு. கிழக்குப் பாதை மேற்காக மாறினால் இறங்கும் நாடுகளும் மாறும். கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகனுக்கு அது ஒன்றுமில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. பிள்ளைகள் இறங்கிப் போக, அம்மா மட்டும் கப்பலில் இருக்கவேண்டி வரலாம். மாற்றுத் துறைமுகங்களுக்கும் சேர்த்து என்ன விசா வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்திருப்பது எந்த மாதத்திலும் நல்லது. இந்த மாதங்களில் அது கட்டாயம்.

அடுத்தது திரும்பும் நாள். புயல் புளோரிடாவை நெருங்கினால் அமெரிக்கக் கரையோரக் காவல்படை துறைமுகங்களைப் படிப்படியாக மூடிவிடும். கப்பல் கடலிலேயே காத்து நிற்கும். சாப்பாடும் அறையும் கப்பல் தரும். தவறிப்போகிற விமானத்துக்கும், கூடுதலாக எடுக்கிற லீவுக்கும், தீர்ந்துபோகிற பிரஷர் மாத்திரைக்கும் கப்பல் பொறுப்பில்லை. எந்த மாதம் போனாலும் பத்து நாளுக்கு மேலதிகமான மருந்தைக் கைப்பையில் வையுங்கள்.

அலையும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்தில் நிற்கும் சூறாவளியின் அலைக்கூட கப்பலை ஆட்டும். கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் கட்டும் இறங்குதுறை இல்லை, சிறு படகில்தான் கரைக்குப் போகவேண்டும். அலை எழும்பினால் முதலில் தவறிப்போவது அந்த மாதிரி இடங்கள்தான்.

## நவம்பர் கடைசியும் டிசெம்பர் முதல் பாதியும்

கரீபியன் பக்கம் மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல நேரம் கிடையாது. கூட்டம் இல்லை, விலை இறக்கம், புயல் ஓய்ந்துவிட்டது. வன்னியில் நிலமும் வீடும் இல்லாத, ஏற்கனவே கனடாவில் நீண்ட நாள் தங்கியிருக்கும் பெற்றோருக்கு இது சரியான தெரிவு. ரொறன்ரோக் குளிரிலிருந்து ஒரு கிழமை தப்பின மாதிரியும் ஆகும்.

மற்றவர்கள் யோசியுங்கள். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரவி, 2025 நவம்பர் கடைசியில் டித்வா என்று எல்லாம் இந்தக் கிழமைகளை ஒட்டியே வந்தன. 2018 டிசெம்பரில் புயல் பெயர் எதுவும் இல்லாமலே இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. விதைத்த நெல் முளைவிட்டு நிற்கும் நேரம். மாட்டை மேட்டுக்கு ஏற்றவும், வரம்பை வெட்டித் தண்ணீர் விடவும் ஆள் வேண்டும். வெள்ளம் வந்தால் கட்டுநாயக்க விமான நிலையம் போகும் வீதியே தடைப்படும். ஒரு விமானம் தவறினால் கப்பல் உங்களுக்காக நிற்காது. மாவீரர் நாளான நவம்பர் 27 இல் விளக்கேற்ற வேண்டியவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அந்தக் கிழமையில் அவர்களைக் கப்பலில் ஏறச் சொல்வது நியாயமில்லை. பிள்ளைகளே அதை முந்திக்கொண்டு ஒதுக்கிவிடவேண்டும்.

நத்தார், புதுவருடக் கிழமைகள் விலையின் உச்சம், கூட்டத்தின் உச்சம். டிசெம்பர் 26 உம் அதற்குள் வருகிறது. இதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

## ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை

சூறாவளிப் பேச்சே இல்லாத மாதங்கள். வானம் தெளிவு, மழை குறைவு. ஓய்வுபெற்ற ஆசிரியர், அரச உத்தியோகத்தர், வயலைக் குத்தகைக்குக் கொடுத்தவர் ஆகியோருக்கு இதைச் சொல்வேன். வயல்காரருக்கு அருவி வெட்டு நேரம் இது. வெட்டு மெஷின் வரும் நாளும் நெல் விலை பேசும் நாளும் வீட்டுக்காரர் இல்லாமல் போனால் வரும் நட்டம் எந்தக் கப்பல் கணக்கிலும் எழுதப்படாது.

மறைந்த செலவு வேறு பக்கம் இருக்கிறது. பனிப்புயலால் ரொறன்ரோ விமானங்கள் ரத்தாவது இந்த மாதங்களில் வழமை. கப்பல் புறப்படும் நாளன்றே பறப்பது வேண்டாம். முதல் நாளே மயாமி போய் ஒரு இரவு தங்குங்கள். மார்ச் நடுவில் வரும் பள்ளி விடுமுறைக் கிழமையில் விலை மறுபடி ஏறும். குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று பலமாக வீசுவதால் கடல் எப்போதும் குளம் மாதிரி இருக்கும் என்றும் எண்ணவேண்டாம். எந்தக் காலத்திலும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டு அறைகள்தான் ஆட்டம் குறைந்தவை. மேல்தட்டுப் பல்கனி அறைக்குக் கூடக் காசு கொடுத்து அம்மாவை வாந்தி எடுக்க வைக்கவேண்டாம்.

## விசா: மாதத்தைவிட முந்தி முடிக்கவேண்டியது

புளோரிடாவிலிருந்து புறப்படும் கப்பலுக்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு அமெரிக்க விசா வேண்டும். அமெரிக்காவை விட்டு வெளியேறித் திரும்ப நுழைவதால் அது பலமுறை நுழைவு விசாவாக இருக்கவேண்டும். "கனடா வந்த பிறகு இங்கே எடுக்கலாம்" என்று பிள்ளைகள் சொன்னால் நம்பியிருக்காதீர்கள். 2025 செப்டெம்பர் முதல், விண்ணப்பிப்பவர் தன் குடியுரிமை நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில்தான் நேர்முகத்துக்குப் போகவேண்டும் என்று அமெரிக்கா அறிவித்திருக்கிறது. கொழும்பிலேயே முடித்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

கனடா விசாவிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர், அனுமதித்த காலத்துக்குள் அமெரிக்காவுக்கு மட்டும் போய்த் திரும்பினால் புது விசா தேவையில்லை. கப்பல் ஜமேக்காவிலோ பஹாமாஸிலோ நின்றால் அந்தச் சலுகை இல்லை. விசா ஒட்டிய பக்கத்தில் பலமுறை நுழைவு என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முற்பணம் கட்டுங்கள். மீதிப் பணம் கட்டவேண்டிய கடைசி நாள் பொதுவாகப் புறப்பட இரண்டரை மூன்று மாதம் முந்தி வரும். அதற்குப் பிறகு விசா மறுக்கப்பட்டால் கட்டிய காசில் பெரும்பகுதி போய்விடும்.

ஜூலை, ஓகஸ்ட் தவிர வேறு நேரமே இல்லை, சூறாவளிப் பயமும் வேண்டாம் என்றால், வான்கூவரிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்கள் மே முதல் செப்டெம்பர் வரை ஓடுகின்றன. அங்கேயும் அமெரிக்க விசா வேண்டும், குளிரும். ஆனால் திட்டம் குலையும் பயம் மிகக் குறைவு.

## காப்புறுதி

புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்புறுதி அந்தப் புயலுக்கு உதவாது. அது தெரிந்த ஆபத்து என்று ஒதுக்கிவிடுவார்கள். முற்பணம் கட்டும் கிழமையிலேயே எடுங்கள். எந்தக் காரணத்துக்கும் ரத்துச்செய்யலாம் என்ற வகைக்கு விலை கூட. அதுவும் பெரும்பாலும் கட்டியதில் பாதி முதல் முக்கால் பங்குதான் திருப்பித் தரும்.

கனடாவில் பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கத் தரும் சுப்பர் விசாவில் வரும் பெற்றோரிடம் குறைந்தது 100,000 கனடா டொலருக்கு மருத்துவக் காப்புறுதி இருக்கும். அது கனடாவுக்கென எடுத்தது. நடுக்கடலில் செல்லுமா, எத்தனை நாளுக்கு, நீரிழிவு மாதிரிப் பழைய வருத்தங்களுக்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கப்பல் மருத்துவர் பார்ப்பதற்கான கட்டணம் அமெரிக்க டொலரில் நேரே அறைக் கணக்கில் ஏறும். அதே கணக்கில் ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டொலர் வரை பணியாளர் சேவைக் கட்டணமும் ஏறும். விளம்பர விலையில் இது இராது. நாலு பேர் ஏழு நாள் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு விலையை ஒப்பிடுங்கள்.

## ஜூன் முதல் நவம்பருக்குள் போகிறவர்களுக்கு

மயாமியில் இருக்கும் தேசிய சூறாவளி மையத்தின் வரைபடத்தை மட்டும் பாருங்கள், வட்ஸப்பில் சுற்றும் படங்களை விடுங்கள். அடுத்த ஏழு நாளில் புயல் உருவாகும் வாய்ப்பை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று காட்டுவார்கள். சிவப்பு என்றால் நூற்றுக்கு 60 க்கு மேல். புயல் உருவான பிறகு கூம்பு மாதிரி ஒரு வெள்ளைப் பரப்பு வரும். அது புயலின் அளவைக் காட்டுவதில்லை, நடுப்பகுதி போகக்கூடிய இடத்தை மட்டும் காட்டுகிறது. மூன்றில் இரண்டு தரம் நடுப்பகுதி அதற்குள் நிற்கும். மீதி ஒரு தரம் வெளியே போகும். ஆகவே கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று ஆறுதல் படவும் வேண்டாம், ஐந்து நாள் தள்ளி இருக்கும் கூம்பைப் பார்த்து உடனே ரத்துச்செய்யவும் வேண்டாம். நீங்களாக ரத்துச்செய்தால் காசு உங்களுடையது போகும். நிறுவனம் ரத்துச்செய்தால் திரும்ப வரும். அவர்களின் அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

ஊரில் நிற்பவர்களிடம் கப்பலின் பெயரையும் எந்த நாள் எந்தத் துறைமுகம் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கரீபியன் கடல் இலங்கையைப் போல நாற்பது மடங்கு பெரியது. செய்தியில் "கரீபியனில் சூறாவளி" என்று வந்தால், அது உங்கள் கப்பலிலிருந்து ஆயிரம் கிலோமீற்றர் தள்ளி நிற்கலாம்; புதுக்குடியிருப்பில் இருக்கும் தங்கச்சிக்கு அது தெரியாது, அன்றிரவு அவர் நித்திரை கொள்ளமாட்டார். கப்பலில் இணைய இணைப்புக்குத் தனிக் காசு. ஒரு ஆளுக்காவது அதை எடுத்து, நாளுக்கு ஒருமுறை குரல் பதிவு அனுப்புங்கள்.